நாற்பதில் உதறும்

ஏலத்தில் எடுத்த லொறி.
பச்சைக்கு மேல் நீலம் அடித்திருக்கிறார் புவனேந்திரன்.
கதவில் பழைய இலக்கம்
நீலத்துக்குள்ளால் இன்னும் தெரிகிறது.

"முப்பத்தைஞ்சு மட்டும் பிள்ளை மாதிரிப் போகுது.
நாப்பதைத் தொட்டால் உதறுது.
மல்லாவியில ஏத்தின நெல்லு
மாங்குளம் வர முதல் பாதி மூட்டை வாய் திறந்திடும்."

எனக்கு இடது காது இல்லை.
இருக்கிறது, கேட்காது.
ஆகையால் சத்தத்தை உடம்பால் கேட்பேன்.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி
கனகராயன்குளம் பக்கம் ஒருக்கா விடச் சொன்னேன்.
ஸ்ரியரிங்கில் வந்தால் ரயர், அது என் வேலை இல்லை.
உள்ளங்காலில் வந்தால் முன் சாஃப்ட்.
வந்தது குண்டியில்.
சொன்னால் புவனேந்திரன் சிரிப்பார்,
"பின் சாஃப்ட்" என்றேன்.

ஆறு சில்லில் நாலுக்குப் பாலைக் கட்டை.
கைப்பிறேக்கை இளக்கினால்தான் சாஃப்ட் திரும்பும்,
அதனால் கட்டையை இரண்டு தரம் உதைத்துப் பார்த்தேன்.
இந்த லொறிகள் ஆள் கீழே கிடக்கிறதென்று நிற்பதில்லை.

முதலில் பிடித்து முறுக்க வேண்டும்.
ஒரு நூல் ஆட்டம் என்றாலும் மணிக்கட்டுக்குத் தெரியும்.
ஆட்டமில்லை.
பிறகு சிலுவையின் நாலு மூடியும்.
கிறீஸ் வற்றினால் இரும்பு தன்னையே அரைத்துச்
சிவப்பாய்த் துப்பும்.
இங்கே அதுதான் கரைச்சல்,
எங்கள் கிறவலும் அதே நிறம்.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கறள் கசக்கும், மண் கரகரக்கும்.
மண்தான்.

நடுப் பெயாரிங்குக்குப் பின்னால்
முள்ளுக்கம்பி, ஏழு சுற்று,
கிறீசில் ஊறிச் சாஃப்டுக்குத் தோலாகிவிட்டிருந்தது.
குறட்டால் வெட்டி வெட்டி எடுத்தேன்.
எந்த வேலி, ஆரின்ர காணி,
லொறி சொல்லாது.
"இதுவோ?" என்றார், குனிந்து.
"இது இல்லை. இது சும்மா கூட வந்தது."

டோர்ச் பிடிக்க ஜயதிலக உள்ளே ஊர்ந்து வந்தான்.
மெதவாச்சி ஆள். இதே சாதி லொறியைப்
பதினொரு வருசம் முகாமில் ஓட்டியவன்,
இப்போது புவனேந்திரனின் சாரதி.
"எங்கட பாஸ் மூண்டு தரம் பேரிங் மாத்தினது அக்கா.
சரி வரேல்ல."
கொஞ்ச நேரம் கழித்து,
"அக்கா எங்க படிச்சது?"
"இங்கதான்."
"இங்க எங்க?"
"லொறிக்குக் கீழ."
டோர்ச் வெளிச்சம் ஒருதரம் அசைந்தது,
பிறகு நின்றது.

சாஃப்ட் இரண்டு துண்டு,
பல்லுப் பல்லாய் ஒன்றுக்குள் ஒன்று போகும்.
இரு நுனியிலும் உள்ள கவட்டைகள்
ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும்.
இல்லாவிட்டால் ஒரு நுனி தயங்கும்போது
மற்றதும் சேர்ந்து தயங்கும்.
பிளேட்டால் பச்சையைச் சுரண்டினேன்.
அதற்குக் கீழே இன்னொரு பச்சை.
அதற்கும் கீழே ஓர் அம்புக்குறி.
அதன் சோடி அம்பு
இரண்டு பல் தள்ளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

ஆரோ இருட்டில் பூட்டியிருக்கிறான்.
எந்த இருட்டு என்று ஜயதிலகவை நான் கேட்கவில்லை.
எனக்கும் உண்டு
இருட்டில், விரலால் பல் எண்ணிப் பூட்டிய சாஃப்டுகள்.
அவை எங்கே நின்று உதறுகின்றனவோ.

கழற்றி, துடைத்து, அம்புக்கு அம்பு வைத்துத் தட்டினோம்.
எட்டுப் போல்ற்.
கடைசிப் போல்ற்றை அவன் இறுக்கினான்,
நான் திரும்பவும் இறுக்கினேன்.

நாற்பது. ஒன்றுமில்லை.
நாற்பத்தைந்து. ஒன்றுமில்லை.
ஐம்பத்திரண்டில் மெல்லிய ஒரு நடுக்கம்:
சமநிலைத் தகடு ஒன்று கழன்று விழுந்த இடம்.
அதற்கு மெசின் வேண்டும், கொழும்புக்குப் போகவேண்டும்.
"அம்பதுக்கு மேல விடாதேங்கோ."
"சீ, விடமாட்டம்."
விடுவார்.

முள்ளுக்கம்பியைச் சுருட்டி
ரின்னுக்குள் போட்டேன்.
வெள்ளிக்கிழமை இரும்புக்காரன் வருவான்.
முள்ளையும் சேர்த்துத்தான் நிறுப்பான்.